முனவ்வரா வீட்டுச் சீன டிஷ்

ஸலாஹுதீன் தன் வாழ்நாளில் செய்த மடத்தனங்களை எண்ணப் புறப்பட்டால் பொழுது போதாது. ஆனாலும் கற்பிட்டிப் பக்கத்து நுரைச்சோலைச் சனம் இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பது அவர் டிஷ் வாங்கிய கதையைத்தான். யுத்தம் முடிந்து இரண்டு வருடம் இருக்கும். அனல் மின்நிலையத்தின் முதற்கட்ட வேலை முடிந்து, சீனத் தொழிலாளர்களில் ஒரு பகுதியினர் நாடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். கட்டில், காற்றாடி, இரும்புத் தாச்சிச் சட்டி என்று முகாமில் மிஞ்சிய சாமானெல்லாம் தெருவோரத்துக்கு விலைக்கு வந்தது. புத்தியுள்ளவர்கள் கட்டிலையும் தாச்சியையும் தூக்கிக்கொண்டு போனார்கள். இவர் ஆளுயர டிஷ் ஒன்றையும் அதன் பெட்டியையும் லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறங்கினார்.

"சீனன்ட சாமான், முனவ்வரா! உலகத்துல உள்ள சனல் எல்லாம் இழுக்கும்" என்றார் மனைவியிடம்.

இழுக்கத்தான் செய்தது. சீனச் சனல்களை மட்டும் இழுத்தது. விற்ற சீனர்கள் இரண்டு பேரும் நல்ல மனிதர்கள். காசை வாங்கினோம் போனோம் என்று இராமல் வீட்டுக்கே வந்து, குசினிக்கு மேலுள்ள கொங்கிரீட் தட்டில் டிஷ்ஷை நிறுத்தி, படம் தெளிவாக விழும் திசை பார்த்து, கடற்காற்றுக்கு அசையாதபடி அதன் கழுத்தை வெல்டிங் வைத்து ஒட்டிவிட்டுப் போனார்கள். அது கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிழக்கே பார்த்து நின்றது. ரிமோட்டில் எந்தப் பொத்தானை அமத்தினாலும் சீனர் ஒருவர் வந்து பேசினார்.

அடுத்த வளவில் இருந்த ஸலாஹுதீனின் தம்பி நௌஃபர் கிரிக்கெட் பார்க்கலாம் என்று ஆசையோடு வந்து, அரை மணி நேரம் ரிமோட்டோடு மல்லுக்கட்டிவிட்டு, "காக்கா, இதைக் கோழிக்கூட்டுக்குக் கூரையாப் போடுங்க" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போனான். மகள் றைஸா தமிழ் நாடகம் பார்ப்பதற்குச் சிநேகிதி வீட்டுக்குப் போகத் தொடங்கினாள். ஸலாஹுதீன் ஒரு வாரம் தலையைக் குனிந்துகொண்டே சோறு தின்றார்.

அந்தப் பெட்டிக்கு முன்னால் மிஞ்சியது முனவ்வரா மட்டும்தான். மிஞ்சாமல் எங்கே போவாள்? தோட்டத்திலிருந்து வருகிற சின்ன வெங்காயத்தைத் தாள் அரிந்து, வேர் நீக்கி, தரம் பிரிக்கிற வேலை அவளுடையது. காலையில் சாக்கைப் பிரித்து ஹோலில் உட்கார்ந்தால் பின்னேரத்து அஸர் தொழுகை வரைக்கும் அதே இடம். ஸலாஹுதீன் பகலில் வந்தாலும் அங்கேயே பாயைப் போட்டு நித்திரை கொண்டுவிடுவார், பேச்சுத் துணைக்கு ஆளில்லை. சரி, புரிகிறதோ இல்லையோ, வீட்டில் ஒரு மனிதச் சத்தம் கேட்கட்டும் என்று டிவியைப் போட்டு விடுவாள்.

முதல் மாதம் அது வெறும் சத்தம். பிறகு ஒருநாள் சமையல் நிகழ்ச்சியில் வெள்ளைத் தொப்பிக்காரர் ஒரு வெங்காயத்தைத் தூக்கிக் காட்டி ஒரு சொல்லைச் சொன்னார். அதே கணத்தில் முனவ்வராவின் கையிலும் ஒரு வெங்காயம் இருந்தது. சொல் வந்து நேராகக் கையில் ஒட்டிக்கொண்டது. "அடி ஆத்தே, இது வெங்காயமல்லவா!" என்று தனியே இருந்து சிரித்தாள்.

அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. வானிலை சொல்கிற பெண் படத்தில் சூரியனைக் காட்டினால் வெயில், கோடு கோடாகக் காட்டினால் மழை. விளம்பரக்காரர்கள் ஒரே தொலைபேசி இலக்கத்தை நாளுக்கு நாற்பது தடவை கத்தினார்கள். அதில் எண்கள் வந்தன. மாமியும் மருமகளும் மல்லுக்கு நிற்கிற நாடகத்துக்கு விளக்கவுரை எதற்கு? அந்தச் சண்டை கற்பிட்டியிலும் ஒன்றுதான், சீனத்திலும் ஒன்றுதான். பொலிஸ்காரர்கள் கள்ளனைத் துரத்துகிற நாடகம் பின்னேரத்தில் வரும். அதையும் விட மாட்டாள்.

இவளுக்கு இன்னொரு வசதியும் இருந்தது. சின்ன வயதில் குர்ஆன் ஓதல் பள்ளியில் லெப்பை சொல்லச் சொல்லக் கேட்டு, நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, பொருள் தெரியும் முன்னமே வாயைப் பழக்கிக்கொண்டவள் அவள். அந்தக் காதும் அந்த வாயும் இப்போது உதவின. சீனச் சொல்லை ஏற்றிச் சொன்னால் ஒரு பொருள், இறக்கிச் சொன்னால் வேறு பொருள் என்பதைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டாள். றைஸா பாதியில் விட்ட கொப்பியில் சொற்களைத் தமிழில் எழுதி, அவற்றின் தலைக்கு மேலே ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் கோடு கீறி வைப்பாள். டிவிக்காரர் சொல்ல, இவள் திருப்பிச் சொல்ல, வெங்காயம் பாட்டுக்கு அரிபடும்.

வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து தோணியில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கியபோது முனவ்வராவுக்குப் பத்து வயது. ஐந்தாம் வகுப்புப் புத்தகங்கள் அங்கேயே நின்றுவிட்டன. அகதி முகாமில் ஓலைக் கொட்டிலில் பள்ளிக்கூடம் தொடங்கியபோது, தங்கச்சிமாரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று உம்மா அவளை அனுப்பவில்லை. அந்த ஆத்திரம் அவளுக்கு இன்னும் அடங்கவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொல்வாள், ஆனாலும் ஆத்திரம் ஆத்திரம்தான். முப்பது வயதுக்கு மேல், யாரிடமும் கேட்காமல், யாரும் அனுப்பாமல், தன் பாட்டில் ஒன்றைப் படிக்கிறோம் என்ற சந்தோஷம் அவளைப் பிடித்து ஆட்டியது.

ஊர் சும்மா இருக்குமா? பக்கத்து வளவுப் பெண்கள் அவளைச் சீன ராத்தா, அதாவது சீன அக்கா, என்று கூப்பிடத் தொடங்கினார்கள். "மதினி, சீனத்துல எனக்கொரு பொண்ணு பாருங்க" என்று நௌஃபர் கேலி பண்ணினான். பெற்ற மகளே, "உம்மா, நீங்க கதைக்கிறது சீனமா, இல்லாட்டி நீங்களாக் கட்டினதா? ஆருக்குத் தெரியும்?" என்று கேட்டாள்.

மற்றதெல்லாம் கேலி. றைஸா கேட்டது மட்டும் குத்தியது. ஏனென்றால் முனவ்வராவுக்கே அது தெரியாது. டிவி பேசும், இவள் பேசுவாள். ஆனால் இவள் பேசியதற்கு டிவி ஒருநாளும் மறுகதை சொன்னதில்லையே! ஒருமுறை சந்தையில் சீன முகாமின் சமையல்காரப் பெண்கள் இரண்டு பேர் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றார்கள். முனவ்வரா கிட்டப் போனாள். வாயைத் திறந்தாள். அவர்களுக்கு விளங்காவிட்டால்? படித்த மூன்று வருடமும் பொய்யாகிவிடுமே! வாயை மூடிக்கொண்டு, வாங்க வந்த தேங்காயையும் வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

இப்படியே போய்க்கொண்டிருந்த கதையில் நௌஃபர் மண்ணைப் போட்டான். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நாலு நாள் இருக்கும்போது, பாலாவியிலிருந்து ஒரு டிஷ்காரனைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தான். புதிய பெட்டி போட்டு, டிஷ்ஷை இந்தியப் பக்கம் திருப்பிவிட்டால் தமிழ்ச் சனல், கிரிக்கெட் எல்லாம் வரும் என்றான். ஸலாஹுதீன் தலையை ஆட்டினார். டிஷ்காரன் மேலே ஏறி வெல்டிங்கை அறுத்தான். புதிய பெட்டி பெருநாள் கழித்துத்தான் வரும் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். பின்னேரம் காற்று எழும்பியது. அறுபட்ட கழுத்தோடு டிஷ் ஒரு சுற்றுச் சுற்றி எங்கோ பார்த்தது. டிவியில் வெறும் புள்ளிகள்.

அன்று தோட்டத்துக்குப் போய்த் திரும்பிய முனவ்வரா அதைப் பார்த்துவிட்டு ஒரு பாட்டம் கத்தித் தீர்த்தாள்.

"என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டீங்களா? உங்களுக்கெல்லாம் வேணாம் எண்டு போட்ட சாமானை நான்தானே வச்சிருந்தன்!"

"என்ன புள்ள, நாலு பேரு பாக்கிற டிவி. நீ ஒருத்தி விளங்காத பாஷையப் பாத்துக்கொண்டு..."

"எனக்கு விளங்குது!"

ஸலாஹுதீனுக்கு ரோசம் வந்துவிட்டது. தம்பியும் மகளும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் அல்லவா? "சரி. ஒரு சீனன், ஒரேயொரு சீனன், நீ சொல்றது விளங்கி உனக்கு மறுகதை சொல்லட்டும். நானே மேல ஏறித் திருப்பித் தாறன். இல்லாட்டிப் பெருநாள் முடிய டிஷ் இந்தியாவைப் பாக்கும்."

"வல்லாஹி?"

"வல்லாஹி."

ஆணையிட்டாயிற்று. ஆனால் சந்தையில் வாயை மூடிக்கொண்டு வந்தவள் சீனனைத் தேடி எங்கே போவாள்? நாலு நாளும் அவள் வெங்காயத்தை ஊமை வீட்டில் இருந்து அரிந்தாள்.

பெருநாளன்று தொழுகை முடிந்து ஸலாஹுதீன் வீட்டுக்கு வரும்போது அவர் பின்னால் ஒரு சீனர் வந்தார். மின்நிலையத்தில் கிரேன் ஓட்டுகிறவர், பெயர் யூசுப். வெள்ளிக்கிழமைகளில் சைக்கிளில் பள்ளிக்கு வந்து பின் வரிசையில் தொழுதுவிட்டுப் போகிறவர். ஸலாம் சொல்வார், ஸலாம் வாங்குவார், அதற்குமேல் அவரோடு பேச யாருக்கும் பாஷை கிடையாது. பெருநாளும் அதுவுமாக மனிதன் தனியே முகாமில் போய்ச் சாப்பிடுவதா என்று ஸலாஹுதீன் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தார். போட்ட ஆணை அவருடைய நினைவில் இருந்ததோ என்னவோ! முனவ்வராவுக்கு மட்டும் சட்டியைக் கிளறிய கை நின்றுவிட்டது. குசினி வாசல் சீலைக்குப் பின்னால் வந்து நின்றாள். யா அல்லாஹ், என்ன சொல்வது? எங்கிருந்து தொடங்குவது?

ஹோலில் பாய் விரித்து, நடுவே சஹன் வைத்தாயிற்று. சஹன் என்றால் தெரியுமல்லவா? ஒரு பெரிய தட்டம், அதில் புரியாணி குவித்து, மேலே இறைச்சி. அதைச் சுற்றி ஆறு பேர் அமர்ந்து, அவரவர் பக்கத்திலிருந்து அள்ளிச் சாப்பிடுவது. ஸலாஹுதீன், நௌஃபர், அயலவர் மூன்று பேர், ஆறாவதாக யூசுப். அவர் மற்றவர்களைப் பார்த்துப் பார்த்து, கையால் அள்ளி, பாதியைச் சிந்திச் சாப்பிட்டார். "குட்? குட்?" என்று நௌஃபர் கேட்டுக்கொண்டே இருந்தான். "குட், குட்" என்று அவரும் சொல்லிக்கொண்டே இருந்தார். அவ்வளவுதான் பேச்சு.

அப்போது அவருடைய போன் அடித்தது. முகம் தெரிகிற அழைப்பு. அங்கேயும் பெருநாள்தானே! திரையில் வெள்ளை முக்காடு போட்ட ஒரு வயதான அம்மா. "உம்மா" என்று யூசுப் நெஞ்சில் கைவைத்துக் காட்டினார். எல்லாரும் பல்லைக் காட்டிக் கையை அசைத்தார்கள். அவர் போனைத் திருப்பி, தான் எப்பேர்ப்பட்ட விருந்தில் இருக்கிறார் என்று சஹனைக் காட்டினார்.

காட்டியதுதான் தாமதம், அந்த அம்மா படபடவென்று பொரியத் தொடங்கினார். யூசுப் ஏதோ சமாதானம் சொன்னார். அந்த அம்மாவின் குரல் தழுதழுத்தது. சஹனைச் சுற்றி இருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "என்ன காக்கா, இறைச்சி ஹராமோ எண்டு பயப்படுறாவோ?" என்று நௌஃபர் குசுகுசுத்தான்.

சீலைக்குப் பின்னால் முனவ்வரா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். அந்த அம்மாவின் பேச்சு டிவிப் பேச்சு அல்ல. எங்கோ தூரத்து மலைநாட்டு இழுவை. பத்துச் சொல்லில் ஆறு தெரியவில்லை. ஆனால் "ஆறு பேர்" என்பது விளங்கியது. "ஒரு தட்டு" விளங்கியது. "வயிறு நிறைந்ததா", "பொய் சொல்லாதே" இரண்டும் நாடகத்தில் தினமும் வருவதுதான். நாலையும் சேர்த்துப் பார்த்தாள். அட! பாவம் மனுசி, ஆறு ஆம்பிளைகளுக்கு ஒரேயொரு தட்டுச் சோறு என்றல்லவா நினைத்துவிட்டா! மகன் ஏதோ பஞ்சப்பட்ட இடத்தில் பங்கு போட்டுச் சாப்பிடுகிறான் என்று அழுகிறா. ஏன் எல்லாரும் ஒரு தட்டில் சாப்பிடுகிறார்கள் என்பது யூசுப்புக்கும் தெரியாது, அவர் என்னத்தைச் சொல்வார்?

பெருநாள் நாளில் ஒரு தாய் அழுதால் பார்த்துக்கொண்டு நிற்கலாமா? டிஷ்ஷும் மறந்தது, ஆணையும் மறந்தது. முனவ்வரா சீலைக்குப் பின்னாலிருந்தே வாயைத் திறந்தாள்.

"அம்மா, அழ வேண்டாம்! சட்டி பெரிது. ஆட்டிறைச்சி ஐந்து கிலோ, அரிசி ஐந்து கிலோ. இன்னும் நிறைய இருக்கிறது. தட்டு ஒன்றுதான்... ஏனென்றால்... ஈ ஜியா ரென்!"

ஒரே குடும்பம் என்று அதற்குப் பொருள். சீன நாடகத்தில் சண்டை முடிந்து எல்லாரும் கட்டிப்பிடிக்கும்போது சொல்வது. மூன்று வருடத்தில் ஆயிரம் தடவையாவது கேட்டிருப்பாள்.

யூசுப் கையில் எடுத்த சோற்றோடு சீலையையே பார்த்தார். போனில் அழுகை நின்றது. அவ்வளவுதான், போயிற்று, நான் பேசியது சீனமே இல்லை, என்று முனவ்வரா நினைத்தாள்.

பிறகு போனிலிருந்து அந்த அம்மா கேட்டார், மெதுவாக, மகனிடம்: "அங்கே டிவி ஓடுகிறதா?"

யூசுப் விழுந்து விழுந்து சிரித்தார். "இல்லை அம்மா, இந்த வீட்டுக்காரி!" என்று கத்தினார். முனவ்வரா சமையல்காரரின் தாளத்தில், வானிலைப் பெண்ணின் உச்சரிப்பில் பேசியிருந்தாள். வேறு எப்படிப் பேசுவாள்? அவளுக்குத் தெரிந்த சீனர்களெல்லாம் அவர்கள்தானே! "காட்டு, காட்டு, எனக்கு அவளைக் காட்டு" என்று அந்த அம்மா அடம்பிடித்தார். முனவ்வரா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சீலையை விலக்கி வந்து, எண்ணெய்க் கையை உடுப்பில் துடைத்துவிட்டுப் போனை வாங்கினாள்.

"உன் பெயர் என்ன, பிள்ளை?"

எவ்வளவு சின்னக் கேள்வி! நாடகத்தில் யார் யாரையோ கேட்கக் கேட்டிருக்கிறாள். இவளை யாரும் கேட்டதில்லை. அந்தப் பாஷை முதன்முறையாக இவள் பக்கம் திரும்பி, நீ யார் என்று கேட்கிறது. முனவ்வராவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பெயரைச் சொன்னாள். அந்த அம்மா அதைத் தன் வாய்க்கு ஏற்றபடி உடைத்து உடைத்துச் சொல்லிப் பார்த்தார். விளங்காத இடத்தில் இவள் "மன் மன்", மெல்ல மெல்ல, என்பாள். அவரும் குழந்தைக்குச் சொல்வதுபோல் நிறுத்திச் சொல்வார். எத்தனை பிள்ளைகள்? ஒரு மகள். அங்கே மழையா? வெயில், பின்னேரம் காற்று பலம். என்ன பயிர் செய்கிறீர்கள்? வெங்காயம். யார் உனக்குச் சீனம் படிப்பித்தது? டிவி என்றாள் முனவ்வரா. அந்த அம்மா தொடையில் தட்டிச் சிரித்து, பக்கத்து அறையிலிருந்த மருமகளையும் மகளையும் கூப்பிட்டு, வாருங்கள் இந்த அதிசயத்தைப் பாருங்கள் என்று காட்டினார்.

"என்ன சொல்றா? என்ன சொல்றா?" என்று ஸலாஹுதீன் பக்கத்தில் நின்று பறந்தார்.

"பொறுங்க, கதைக்கிறம்" என்றாள் முனவ்வரா, அவரைத் திரும்பியும் பாராமல்.

முக்கால் மணி நேரம் கதை போனது. சஹனில் சோறு ஆறியது. அந்த அம்மா கடைசியாக, வெள்ளிக்கிழமைகளில் என் மகன் உன் வீட்டுக்குச் சாப்பிட வரட்டும், அப்போது நானும் பேசுகிறேன் என்று கேட்டார். வரட்டும், சட்டி பெரிது என்று முனவ்வரா சொன்னாள். யூசுப் போகும்போது அவளுக்கு ஸலாம் சொல்லி, பிறகு தன் பாஷையில் நீளமாக ஏதோ சொன்னார். என்ன என்று எல்லாரும் கேட்டார்கள். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து, வயிறு நிறையச் சாப்பிட்டேன் என்று தான் சொன்னதை உம்மா நம்பியது இன்றைக்குத்தானாம் என்று முனவ்வரா சொன்னாள்.

விருந்தாளிகள் போனதும் ஸலாஹுதீன் சாரத்தை மடித்துக் கட்டினார். நைலோன் கயிறு ஒரு சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு ஏணியைச் சாத்தினார்.

"காக்கா, கிரிக்கெட்?" என்றான் நௌஃபர்.

"ஆணை போட்டது நானடா. போ, போய் ரேடியோவுல கேள்" என்று சொல்லிவிட்டு மேலே ஏறினார்.

முனவ்வரா டிவிக்கு முன்னால் நின்றாள். றைஸா நடுவாசலில் நின்றாள், மேலே போகிற சொல்லையும் கீழே வருகிற சொல்லையும் கடத்துவதற்கு. டிஷ் கிறீச்சிட்டது. புள்ளி, புள்ளி, வெறும் புள்ளி. இன்னும் கொஞ்சம் வலப்பக்கம். ஒரு நிழல் வந்து போனது. மறுபடி புள்ளி. காற்று வேறு டிஷ்ஷைத் தள்ளியது. கால் மணி நேரம் அவர் திருப்பினார், இவள் கத்தினாள். திடீரென்று பளிச்சென்று படம் விழுந்தது: பின்னேரத்துப் பொலிஸ் நாடகம், கள்ளனும் ஓட்டமும் எல்லாம் அப்படியே. முனவ்வரா சந்தோஷத்தில் தன்னை மறந்து, வீடு அதிரக் கூவினாள்.

"பியே தோங்!"

அசையாதே என்று அந்த நாடகத்தில் பொலிஸ்காரர் கள்ளனைப் பார்த்துக் கத்துகிற சொல் அது. மேலே கிறீச்சிட்ட சத்தம் அக்கணமே நின்றது. டிஷ் இம்மியும் அசையவில்லை. படமும் அசையவில்லை. "அசையல்ல, அசையல்ல! இப்பிடியே கட்டவா?" என்று ஸலாஹுதீன் அங்கிருந்து கேட்டார்.

றைஸா கண்ணை விரித்து மேலே பார்த்தாள். "வாப்பா! உம்மா இப்ப தமிழ்ல சொல்லல்லையே!"

கொங்கிரீட் தட்டின் விளிம்பில் ஸலாஹுதீனின் தலை எட்டிப் பார்த்தது. இரண்டு கையாலும் டிஷ்ஷை இறுக்கிப் பிடித்திருந்தார், வாய் திறந்தபடி இருந்தது.

"புள்ள முனவ்வரா, இது எப்ப எனக்குள்ள வந்திச்சு?"

முனவ்வரா வாசலுக்கு வந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மேலே பார்த்தாள். சிரிப்புக்கு நடுவே சொன்னாள்.

"மூணு வருஷமா இந்த டிவிக்கு முன்னால பாயப் போட்டுப் பகல் நித்திரை கொண்டீங்களே, அப்பதான் வந்திருக்கும். இறங்கி வாங்க. நாளையிலேருந்து முழிச்சிருந்து பாப்பம்."